ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் (1981–2022)

ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் என்ற நோயறிதல் இன்று உயிரோடு இல்லை. 1981-இல் லண்டன் மருத்துவர் ஒருவரின் கட்டுரையால் அது புழக்கத்துக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலில் ஏறியது. 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டின் நான்காம் பதிப்பிலும் இடம் பிடித்தது. 2013 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் வெளியான ஐந்தாம் பதிப்பில் அதைக் காணோம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பிலும் இல்லை. இரண்டு நூல்களிலும் இருந்து நீங்கிய பிறகு, புதிதாக ஒருவருக்கு அந்தப் பெயரை எழுதிக் கொடுக்க, இந்தப் புதிய பதிப்புகளைப் பின்பற்றும் மருத்துவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய இயல்பு மாறவில்லை, தேவைகளும் குறையவில்லை. போனது ஒரு பெயரும், அந்தப் பெயர் போட்டுவைத்திருந்த ஓர் எல்லைக்கோடும்தான். அந்தப் பெயர் செய்த நன்மைக்காக இந்த இரங்கலை எழுதுகிறேன். அது திரும்பி வர வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டேன்.

பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசம் என்ற சொல்லை 1911-இல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறிக்கு வைத்தார். அந்தத் தொப்புள்கொடி அறுபட எழுபது ஆண்டுகள் ஆயின. 1925-இல் சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைக் கூர்ந்து பார்த்து எழுதினார். தனியாகவே இருப்பார்கள், பிடித்த ஒரு விஷயத்தில் மூழ்கிப்போவார்கள், கை கால் அசைவில் லாவகம் இருக்காது, சத்தமும் வாசனையும் அவர்களைப் படுத்தும். அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியிலும் அது அச்சானது. யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சூலா வுல்ஃப் என்ற மருத்துவர் 1996-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகுதான், இவ்வளவையும் இவ்வளவு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறாரே என்று துறை வியந்தது. யாராவது ஒருவர் பெயரைத்தான் வைத்தாக வேண்டும் என்றால் அவர் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

1943-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதற்கடுத்த ஆண்டு வியன்னா பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்ற சொல் இருவர் தலைப்பிலும் உண்டு. உலகப் போரில் எதிரெதிர் அணிகளில் இருந்த இரண்டு ஊர்களிலிருந்து எழுதினார்கள். கேனரின் குழந்தைகள் மருத்துவப் பாடநூல்களுக்குள் போனார்கள். ஆஸ்பெர்கரின் சிறுவர்கள் ஜெர்மன் மொழிக்குள்ளேயே தங்கிவிட்டார்கள்.

அந்த நால்வரில் ஃப்ரிட்ஸ் என்று ஆஸ்பெர்கர் குறிப்பிடும் பையனைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பத்து மாதத்தில் பேச்சு வந்துவிட்டது, பெரியவர்களைப் போலப் பேசினான். மழலையர் பள்ளியில் சேர்த்த சில நாட்களில் வெளியே அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் எழுந்து திரிவான், கையில் கிடைத்ததை உடைப்பான், பென்சிலைக் கடித்துத் தின்பான். ஆனால் கணக்கு அவனிடம் தானாக வந்து சேர்ந்திருந்தது. பள்ளிக்குப் போகும் முன்பே பெரிய எண்களைக் கையாண்டான். இப்படிப்பட்ட பிள்ளைகளை ஆஸ்பெர்கர் சின்னப் பேராசிரியர்கள் என்றே சொல்வார். அவருடைய வார்டில் பாட்டு, விளையாட்டு, நாடகம் என்று ஓர் ஒழுங்கை உண்டாக்கி நடத்தியவர் சிஸ்டர் விக்டோரின் ஸாக். போரின்போது குண்டு விழுந்து இறந்துபோனார். அவருடைய பெயர் எந்தக் கையேட்டிலும் ஏறவில்லை.

கையேடுகளின் கதை தனி. 1952-இல் வந்த முதல் டி.எஸ்.எம்.மில் இந்தக் குழந்தைகளுக்கென்று தனி இடம் இல்லை. குழந்தைப் பருவ மனச்சிதைவு என்ற கூரையின் கீழ் அடைத்தார்கள். 1968-இன் இரண்டாம் பதிப்பிலும் அதே கதைதான். இடைப்பட்ட காலத்தில் பழியெல்லாம் தாயின் தலையில் விழுந்தது. தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்றார்கள். சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் இதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லண்ட் இது பிறவியிலேயே மூளை சார்ந்த விஷயம் என்று வாதாடியிருந்தார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இருபத்தொரு இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த பதினொரு ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த பத்து ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. தாய்மார்கள் மீதான குற்றச்சாட்டு அத்தோடு ஆட்டம் கண்டது. அந்த ஆண்டுகளில் பிள்ளையைப் பிரிந்து, குற்றவாளியாகக் கூனிக் குறுகி வாழ்ந்த அம்மாக்களிடம் மருத்துவ உலகம் உரக்க மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

1980-இல் மூன்றாம் டி.எஸ்.எம். வந்தது. மழலைப் பருவ ஆட்டிசம் என்று முதன்முறையாகத் தனிப் பெயர், தனி விதிகள். முப்பது மாதத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், மற்றவர்களிடம் ஈடுபாடே காட்டாமல் இருக்க வேண்டும், மொழி வளர்ச்சியில் பெரும் குறை இருக்க வேண்டும், மனச்சிதைவின் பிரமைகள் இருக்கக் கூடாது. கதவு மிகக் குறுகலானது. நன்றாகப் பேசும் பிள்ளை அதற்குள் நுழையவே முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவில் காலமானார். உலகம் தம் பெயரை ஒரு நோயறிதலுக்கு வைக்கப்போவதை அவர் அறியவில்லை.

வைத்தவர் லோர்னா விங். மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் அம்மா, 1962-இல் பிரிட்டனில் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஜூடித் கௌல்டுடன் சேர்ந்து அவர் குழந்தைகளை ஆராய்ந்தபோது, கேனரின் வருணனைக்குள் அடங்காத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். சிலர் பேசினார்கள், கொஞ்சம் பழகவும் வந்தார்கள், ஆனால் பழகும் விதம் தெரியவில்லை. சிலர் அறிவாளிகள். இவர்களெல்லாம் ஒரு தொடர்ச்சியின் வெவ்வேறு இடங்களில் நிற்பவர்கள் என்று விங் கண்டார். ஸ்பெக்ட்ரம் என்ற எண்ணம் வளர்ந்தது அங்கிருந்துதான். ஆஸ்பெர்கரின் ஜெர்மன் கட்டுரையைப் படிக்க, ஜெர்மன் தெரிந்த கணவர் ஜான் விங் உதவினார். அதில் இருந்த பையன்கள் லோர்னா தம் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் போலவே இருந்தார்கள்.

ஆஸ்பெர்கர் தம் சிறுவர்களுக்குச் சொன்ன பெயரில் சைக்கோபதி என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டால் ஆங்கில உலகில் குற்றவாளி என்று நினைப்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் விங் 1981-இல் ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் என்று எழுதினார். இது ஒரே தொடர்ச்சியின் ஒரு பகுதி என்பதை எடுத்துக்காட்டத்தான் அவர் அந்தப் பெயரைக் கையிலெடுத்தார். உலகம் அதைத் தனி நோயாக எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் அவரே இதற்காக வருந்தி எழுதியிருக்கிறார். தாம் வைத்த பெயரே தம் கருத்துக்குக் குறுக்கே நின்றதைக் கண்ணால் பார்த்தவர் அவர். 2014 ஜூனில் மறைந்தார், அமெரிக்கக் கையேட்டிலிருந்து பெயர் போன மறு ஆண்டு.

விங்கின் 1981 கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயரின் வளர்ச்சி வேகமானது. 1991-இல் உட்டா ஃப்ரித் ஆஸ்பெர்கரின் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1994-இல் நான்காம் டி.எஸ்.எம். பல அறைகள் கொண்ட வீடாக வந்தது. ஆட்டிசக் குறைபாடு ஓர் அறை, ஆஸ்பெர்கர் ஓர் அறை, ரெட், குழந்தைப் பருவச் சிதைவு என்று இன்னும் இரண்டு. எதிலும் பொருந்தாதவர்களுக்கு, பி.டி.டி.–என்.ஓ.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்பட்ட ஒரு பொது அறை. ஆட்டிசத்துக்குப் பன்னிரண்டு அறிகுறிகளில் ஆறு வேண்டும். ஆஸ்பெர்கருக்குப் பழகுவதில் இரண்டு, ஒரே பிடிப்பில் இருப்பதில் ஒன்று போதும். ஆனால் இரண்டு வயதுக்குள் தனிச் சொற்களும் மூன்று வயதுக்குள் கருத்தைச் சொல்லும் தொடர்களும் வந்திருக்க வேண்டும். அறிவு வளர்ச்சியிலும் பின்னடைவு இருக்கக் கூடாது.

ஒரு குழந்தையின் பெயரைத் தீர்மானித்தது இந்த விதிதான். ஒன்பது வயதுப் பையனோடு ஓர் அம்மா மருத்துவர் அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பையன் மின்விசிறியின் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறான். மருத்துவர் கேட்கிறார்: “முதல் வார்த்தை எப்பம்மா பேசினான்?” அம்மா யோசிக்கிறார். “ஒன்றரை வயசு இருக்கும் டாக்டர்... தாத்தான்னு சொல்லுவான்.” “மூணு வயசுக்குள்ள சேர்த்துச் சேர்த்துப் பேசினானா? தண்ணி வேணும், வெளிய போலாம், இந்த மாதிரி?” “அது சரியா ஞாபகம் இல்லையே டாக்டர். அவங்க அப்பாவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தாராம், எங்க அத்தை சொல்லுவாங்க. அதனால நாங்க அதைப் பெருசா எடுத்துக்கல.” அந்த அம்மாவின் ஞாபகம் ஒரு பக்கம் சாய்ந்தால் பையனுக்கு ஆஸ்பெர்கர், இன்னொரு பக்கம் சாய்ந்தால் ஆட்டிசம். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மாலைப் பொழுதில் அவன் என்ன சொன்னான் என்பதை வைத்துக்கொண்டு, இன்று அவன் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இன்றைய அவனைப் பார்த்தால் இரண்டு பெயருக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்படியிருந்தும் அந்தப் பெயர் செய்த உபகாரம் பெரியது. பள்ளியில் அடி வாங்கியவர்கள், கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்தவர்கள், வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தும் மதியச் சாப்பாட்டுக்கு யாரோடும் உட்காரத் தெரியாதவர்கள், நாற்பது ஐம்பது வயதில் அந்தப் பெயரைக் கேட்டு முதன்முறையாக நிம்மதி அடைந்தார்கள். அதுவரை அவர்களுக்குக் கிடைத்த பெயர்கள் திமிர் பிடித்தவன், கல்நெஞ்சக்காரி, அரைக்கிறுக்கு என்பவைதான். டோனி அட்வுட் 1998-இல் எழுதிய கையேடு பல வீடுகளில் பைபிளாக இருந்தது. 1999-இல் லியான் ஹாலிடே வில்லி தம் வாழ்க்கையை எழுதி, ஆஸ்பி என்ற செல்லப் பெயரையும் புழக்கத்தில் விட்டார். ஹான்ஸ் ஆஸ்பெர்கர் பிறந்த பிப்ரவரி 18-ஐ ஆண்டுதோறும் கொண்டாடினார்கள். இந்தியாவில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டது 2010-இல் வந்த மை நேம் இஸ் கான் படத்தில்தான். ஷாருக் கான் நடித்த நாயகன் ரிஸ்வானுக்கு ஆஸ்பெர்கர். ஊனம் என்று பரிதாபப்படாமல் ஒரு மனிதரைப் பார்க்க அந்தப் பெயர் பொதுமக்களுக்குக் கற்றுத் தந்தது. இவ்வளவையும் மறந்து அதைத் தூற்றுவது நன்றிகெட்டதனம்.

ஆனால் மருத்துவமாக அது நிற்கவில்லை. 1997-இலேயே ஜூடித் மில்லரும் சாலி ஓசானாஃபும் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஆஸ்பெர்கர் எழுதிய அதே நான்கு சிறுவர்களுக்கு 1994-இன் விதிகளைப் பொருத்தினார்கள். நால்வருக்குமே ஆட்டிசம் என்றுதான் வந்தது. காரணம், கையேட்டில் ஒரு முன்னுரிமை விதி இருந்தது: ஆட்டிசத்தின் விதிகள் பொருந்தினால் ஆஸ்பெர்கர் என்று சொல்லக் கூடாது. யாரைப் பார்த்து அந்தப் பெயர் உண்டானதோ அவர்களுக்கே அது செல்லாமல் போயிற்று. பொது அறையின் வருணனையில் வேறொரு கோளாறு. ‘மற்றும்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘அல்லது’ என்று அச்சாகி, ஒரே ஒரு துறையில் குறை இருந்தாலும் உள்ளே வரலாம் என்றாகிவிட்டது. 2000-இல் வந்த திருத்தப் பதிப்பு வரை அது அப்படியே கிடந்தது.

கடைசி அடி 2012-இல் விழுந்தது. கேத்தரின் லார்டும் குழுவினரும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்கலைக்கழகம் சார்ந்த பன்னிரண்டு மையங்களில் 2,102 பேரின் நோயறிதல்களை ஒப்பிட்டார்கள். எல்லா மையத்திலும் ஒரே கருவிகள், நன்கு பயிற்சி பெற்ற நிபுணர்கள். ஆட்டிசமா, ஆஸ்பெர்கரா, பொது அறையா என்பது குழந்தையின் குணங்களைவிட அந்தக் குழந்தை எந்த மையத்துக்குப் போனது என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைந்தது. ஒரே பிள்ளையை ஓர் ஊரில் காட்டினால் ஒரு பெயர், அடுத்த ஊரில் காட்டினால் வேறு பெயர். இதைப் படித்த பிறகும் அந்த எல்லைக்கோட்டை உண்மை என்று சாதிக்க எனக்கு மனம் வரவில்லை.

சண்டையில்லாமல் அது போகவில்லை. நான்காம் பதிப்பின் களச் சோதனையை நடத்திய யேல் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெட் வோக்மார் புதிய விதிகளை எதிர்த்தார். பழைய விதிப்படி சேர்ந்தவர்களில் 60.6 சதவீதம் பேர்தான் புதியதில் தேறுவார்கள் என்று அவருடைய குழு 2012-இல் கணக்குக் காட்டியது. அதே ஆண்டில் மரிசெலா ஹுவெர்டா குழு வேறு தரவுகளை வைத்து 91 சதவீதம் பேர் தேறுவார்கள் என்றது. முதல் குழு வைத்திருந்தது இருபது ஆண்டுக்கு முந்தைய பதிவுகள். எண்களை விடுங்கள், பெற்றோர்களின் பயம் வேறு. பெயர் போனால் பள்ளியில் கிடைக்கும் உதவி ஆசிரியர் போவார், பேச்சுப் பயிற்சிக்குக் காப்பீடு பணம் தராது. அவர்கள் இரவு தூங்காமல் கடிதம் எழுதியதற்கு நியாயம் இருந்தது. நான்காம் பதிப்பின்படி ஆட்டிசத்தின் விதிகளைப் பூர்த்தி செய்ய 2,027 வழிகள். ஐந்தாம் பதிப்பில் பதினொன்றே. அந்த ஒப்பீட்டைக் கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும்.

இறுதியில் வந்த ஐந்தாம் பதிப்பு எல்லா அறைகளின் சுவர்களையும் இடித்துவிட்டது. ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் குறைபாடு என்று ஒரே பெயர். பழகுவதும் தொடர்புகொள்வதும் சேர்ந்து ஒரு துறை, அதில் மூன்றும் வேண்டும். திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றம் பிடிக்காமை, ஒரே நாட்டம் என்பவை இன்னொரு துறை, அதில் நான்கில் இரண்டு வேண்டும். அந்த நான்கில் ஒன்றாக ஒலி, ஒளி, தொடுகை, வாசனை ஆகியவற்றின் தாக்கம் முதன்முறையாக விதிக்குள் வந்தது. எண்பத்தெட்டு ஆண்டு முன்பு சுகரேவா எழுதிவைத்தது அது. பேச்சு எப்போது வந்தது என்ற கேள்வி பிரிக்கும் கேள்வியாக இல்லை. அறிகுறிகள் சிறு வயதில் வெளியே தெரியாமல் பின்னால் தெரியலாம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இந்த ஒரு வரியால் விளைந்த நன்மை அதிகம். பயந்த பெற்றோர்களுக்காக ஒரு குறிப்பும் சேர்ந்தது: ஏற்கெனவே ஆஸ்பெர்கர் என்று உறுதியானவர்களுக்கு ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற நோயறிதலைத் தந்துவிட வேண்டும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்காணிக்கும் பகுதிகளில் எட்டு வயதுப் பிள்ளைகளில் ஆட்டிசம் 2000-இல் 150-க்கு ஒன்று, 2022-இல் 31-க்கு ஒன்று. தொற்றுநோய் போலப் பரவுகிறது என்று இதை வைத்துக் கூவுபவர்கள் இந்தக் கதவு அகலமான கதையையும் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

இனி, சொல்லக் கூசுவதைச் சொல்ல வேண்டும். ஹான்ஸ் ஆஸ்பெர்கரின் நாஜி தொடர்பு தெரிந்ததால்தான் பெயரை எடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. 2013-இல் அதை எடுத்தது மேலே சொன்ன மருத்துவக் காரணத்துக்காக. வியன்னாவின் ஆவணங்கள் முழுதாக வெளிவந்தது ஐந்து ஆண்டு கழித்து, 2018 ஏப்ரலில். வியன்னா மருத்துவப் பல்கலைக்கழக வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் பல ஆண்டுகள் கோப்புகளில் தேடி எழுதிய கட்டுரை அது. அதே ஆண்டு எடித் ஷெஃபரின் புத்தகமும் வந்தது. அதுவரை ஆஸ்பெர்கரைப் பற்றி உலகம் நம்பியது, நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காத்தவர் என்று.

1940 ஜூலையில் வியன்னாவின் ஸ்டைன்ஹோஃப் மனநல மருத்துவமனை வளாகத்தில் அம் ஸ்பீகல்குருண்ட் என்ற குழந்தைகள் நிலையம் திறந்தது. வளர்ச்சி குன்றிய, இனத்துக்கு உதவாத என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளுக்குத் தூக்க மருந்தை அளவுக்கு மேல் கொடுத்தார்கள், பட்டினி போட்டார்கள். இறப்புச் சான்றில் நிமோனியா என்று எழுதினார்கள். 789 குழந்தைகள் அங்கே இறந்தார்கள். முதல் இயக்குநர் எர்வின் யெகெலியுஸ், ஆஸ்பெர்கரோடு முன்பு வேலை செய்தவர்.

1941 ஜூன் இறுதியில் ஆஸ்பெர்கரிடம் ஒரு பெண் குழந்தை வந்தாள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வளர்ச்சி நின்றுபோன, மூன்று வயது நிரம்பாத குழந்தை. வீட்டில் நலமான ஐந்து பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய தாய்க்கு இவள் தாங்க முடியாத சுமை, ஸ்பீகல்குருண்டில் நிரந்தரமாகச் சேர்ப்பது கட்டாயம் என்ற கருத்தை எழுதி அவர் கையெழுத்திட்டார். ஜூலை 1-இல் அவள் அங்கே சேர்ந்தாள். செப்டம்பர் 2-இல், மூன்றாவது பிறந்தநாளுக்கு மறுநாள், இறந்தாள். அடுத்த ஆண்டு கூகிங் என்ற ஊரின் நிலையத்தில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வகைப்படுத்திய குழுவிலும் அவர் இருந்தார். படிக்க லாயக்கில்லை என்று அந்தக் குழு 35 பேரை ஒதுக்கியது. அவர்களும் ஸ்பீகல்குருண்டுக்குத்தான் போனார்கள். அங்கே நடப்பது அவருக்கு முழுதாகத் தெரியுமா என்று வாதிடும் ஆய்வாளர்கள் இன்றும் உண்டு. அவர் நாஜி கட்சியில் சேரவில்லை என்பதும் உண்மை. போருக்குப் பின் அவர் உயர்ந்து, 1962-இல் வியன்னாவில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஆனார். அந்தக் குழந்தைகளின் மூளைகளோ ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளில் இருந்தன. 2002-இல்தான் வியன்னாவின் மத்தியக் கல்லறையில் அவற்றை அடக்கம் செய்தார்கள்.

அவருடைய 1944 கட்டுரையை இந்த வெளிச்சத்தில் திரும்பப் படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது. தம் சிறுவர்களுக்காக அவர் மனமார வாதாடுகிறார். அந்த வாதத்தின் அடித்தளம், இவர்களால் சமூகத்துக்குப் பயன் உண்டு என்பது. வானியல் படித்த ஒருவர் நியூட்டனின் கணக்கில் பிழை கண்டார் என்று பெருமையோடு எழுதுகிறார். பயன் உள்ள பிள்ளைக்குப் பரிந்துரை, பயன் இல்லாத பிள்ளைக்கு ஸ்பீகல்குருண்ட். இரண்டும் ஒரே கையெழுத்து. விங் இதை அறியாமல், நல்ல மனதோடு பெயரை எடுத்தார். அந்தப் பெயரோடு பெருமையாக வாழ்ந்தவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பும் இல்லை. ஆனால் பெயர் போட்ட கோடு அந்த வாதத்தைத் தன்னோடு கொண்டுவந்தது. எங்கள் பையனுக்கு ஆட்டிசம் இல்லை, ஆஸ்பெர்கர்தான் என்று பெற்றோர்கள் மூச்சு விட்டபோது, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் இன்னும் ஒரு படி கீழே போனார்கள். அந்தப் பெயர் போனது சரி என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இழப்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பெர்கர் என்று சொன்னால் புரிந்துகொண்ட மேலதிகாரி, ஆட்டிசம் என்றால், பார்த்தா அப்படித் தெரியலையே என்கிறார். பாடகி சூசன் பாயில் தமக்கு ஆஸ்பெர்கர் என்று வெளியே சொன்னது 2013 டிசம்பரில், அமெரிக்கக் கையேடு பெயரை எடுத்த பிறகு. கிரேட்டா துன்பெர்க் 2019-இல் அதைத் தம் அபூர்வ சக்தி என்றார். ஐரோப்பாவில் ஐ.சி.டி. பத்தாம் பதிப்பு அப்போதும் உயிரோடு இருந்தது. மறுபக்கம், பதினான்கு வயதிலும் பேச்சு வராத, கழிப்பறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டிய மகனை வைத்திருக்கும் அம்மாவுக்கு இந்தப் பேச்சு நெஞ்சில் குத்துகிறது. எங்கள் பிள்ளையும் அவர்களும் ஒரே பெயரா என்று கேட்கிறார். அவருடைய கேள்வியைத் தட்டிவிட எனக்குத் துணிவில்லை. 2021-இல் லான்செட் இதழின் ஆணையம் நாள் முழுதும் பராமரிப்பு தேவைப்படுபவர்களுக்கு ஆழ்ந்த ஆட்டிசம் என்று தனிச் சொல்லை முன்வைத்தது இந்தக் கேள்வியால்தான். புதுக் கோடு இப்போது அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. உதவி கூடுமானால் நல்லது. மதிப்பு குறையுமானால் பழைய தவறே திரும்பும்.

இந்தியச் சட்டத்தில் அந்தப் பெயருக்கு இடமே இருந்ததில்லை. 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமே கிடையாது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் வந்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த 21 வகைகளில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் குறைபாடு ஒன்று. சான்றிதழுக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 அம்ச அளவுகோலால் பார்க்கிறார்கள். 70 மதிப்பெண்ணுக்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று முடிவு. வாய் நிறையப் பேசும், மனதுக்குள் திணறும் ஒருவர் அந்த எழுபதுக்கு அருகே தடுமாறி நின்றுவிட வாய்ப்பு உண்டு.

எனவே மூன்று வேண்டுகோள்கள். வீட்டில் ஆஸ்பெர்கர் என்று எழுதிய பழைய மருத்துவச் சான்று இருந்தால் பதற வேண்டாம், அது ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற பெயருக்குள் அடங்கும். மருத்துவரிடம் சொல்லிப் புதிய பெயரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது தமக்கு ஆஸ்பெர்கர் என்று இன்றும் சொன்னால் அவரைத் திருத்தப் போகாதீர்கள், அவர் தம் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உதவிய பெயர் அது. சான்று எழுதும் மருத்துவர்களிடம் கேட்பது: எந்த வகை, எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், இவருக்கு எந்த உதவி, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.